நாற்பத்தேழாம் எண் எஞ்சினில் மிஞ்சியவை

கார் எஞ்சின் ஒன்றைப் படகுக்கு மாற்றினால் பாதிச் சாமான் மிஞ்சிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பட்டணத்திலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளை, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் வேண்டாம், கால்வாயே அதைக் குளிர வைக்கும். விசிறி வேண்டாம். கியர் பெட்டி வேண்டாம். சைலன்சர் வேண்டவே வேண்டாம். சத்தம் போடாத படகை எங்கள் தகியன் கால்வாயில் யாரும் படகென்று மதிப்பதில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் எஞ்சினைப் படகின் பின்பக்கத்தில் ஒரு சுழல்தண்டின் மேல் உட்கார வைத்து, பின்னால் நீளமான இரும்பு வால் ஒன்றையும் அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியையும் மாட்டினால் வேலை முடிந்தது. வேலை முடிந்த பிறகு தரையில் ஒரு குவியல் கிடக்கும். அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் என் தொழிலில் பாதி.

என் பெயர் புன்லெர்த். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருடமாக இந்தக் கழிமுகத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுக்கிறேன். என் பட்டறையில் எதுவும் வீணாகப் போனதில்லை. கியர் பெட்டியை நங்கூரத்துக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். பழைய ரேடியேட்டரில் நல்ல பித்தளை இருக்கிறது, அது விகாரைக்குப் போகும். அவர்கள் புத்தர் சிலை வார்க்கும்போது உருக்கிக்கொள்வார்கள். மேற்குக்கரை விகாரையில் நிற்கும் புத்தரின் தோளில் எத்தனை டாக்சி கலந்திருக்கிறது என்று நான் மட்டும்தான் சொல்ல முடியும். உடைந்ததையும் ஓட்டை விழுந்ததையும் காயலான் கடைக்காரன் எடுத்துப் போவான். மற்றவர்கள் பட்டறைகளைப் போய்ப் பாருங்கள், துருப்பிடித்த மலைகள். எனக்கு அது பிடிக்காது. ஒரு பொருள் நன்றாக இருக்கும்போது அதற்கு ஓர் இடம் வேண்டும்.

லம்யாய் என் தங்கை. எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். அப்போது எனக்கு இருபத்து நான்கு, அவளுக்குப் பதினாறு. பள்ளியை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். மண்ணெண்ணெய் வாளியில் சாமான்களைப் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, வரிசையாகச் சாக்கில் அடுக்குவாள். வாடிக்கையாளர்களோடு பேசுவது, சமைப்பது, என் சட்டைக்குப் பொத்தான் தைப்பது எல்லாம் அவள்தான். இரும்பு அவளுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். வார்ப்பிரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவோம். நல்லதாக இருந்தால் கணீரென்று நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் மரத்தைத் தட்டியது போல டொக்கென்று நின்றுவிடும். நான் இரண்டு மூன்று முறை தட்டிக் காதை வைத்துக் கேட்பேன். அவள் ஒரு தட்டிலேயே சொல்லிவிடுவாள்.

"செத்துப் போச்சுண்ணே. தூக்கிப் போடு" என்பாள்.

அவள் சொன்னதை நான் மறுத்ததில்லை. இருபத்தைந்து வருடம் அப்படிப் போனது. நன்றாகத்தான் போனது. கேட்டால் அவளும் அதைத்தான் சொல்வாள்.

பெண் கேட்டு யாரும் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வந்தார்கள். இரண்டு பேரை நான் திருப்பி அனுப்பினேன். ஒருவன் குடிகாரன். இன்னொருவன் குடிக்கமாட்டான், ஆனால் குடிக்காமலே அப்படி இருந்தான். மற்றபடி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஊர்த் தலைவர் மட்டும் தன் படகைக் கொண்டுவரும்போதெல்லாம் கேலி செய்வார்.

"ஏம்ப்பா புன்லெர்த், இம்புட்டு மிச்சச் சாமானுக்கும் வழி கண்டுபிடிக்கிறே, தங்கச்சிக்கு ஒரு வழி பண்ண மாட்டியா? இல்ல அவளையும் குவியல்ல சேத்துட்டியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். லம்யாயும் சிரிப்பாள். நான் அவர் படகின் வால்தண்டில் நான்கு மரைகளை அளவுக்கு மேல் இறுக்கி அனுப்புவேன். அடுத்த முறை கழற்றும்போது அவர் கை தோல் உரியும். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் யாரையும் எதுவும் செய்ததில்லை.

பிறகு ப்ரயூன் வந்தான். பயணிகள் படகு ஓட்டுகிறவன், மனைவி செத்து ஆறு வருடமானவன், வாயைத் திறந்தால் மூட மாட்டான். வளைந்துபோன வால்தண்டை நிமிர்த்த வந்தவன், தண்டு நிமிர்ந்த பிறகும் வந்துகொண்டே இருந்தான். வரும்போது பலாப்பழம், வறுத்த வாழைக்காய், சந்தையில் வாங்கிய பூச்செடி என்று ஏதாவது கையில் இருக்கும். லம்யாய் நாற்பத்தோராவது வயதில் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு சாமான் கழுவ உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் வாளிக்கு எதற்கு உதட்டுச் சாயம் என்று கேட்டேன். பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. நானே முன்னின்று நடத்தினேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஒரு குறை வைக்கவில்லை.

அவள் கால்வாய்க்கு எதிர்ப்பக்கம், ப்ரயூனின் வீட்டுக்குப் போனாள். தண்ணீருக்கு மேல் கம்பங்களில் நிற்கும் வீடு, ஏணி வைத்து ஏற வேண்டும். காலை எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்துவிடுவாள், நாலு மணிக்குப் போய்விடுவாள். மதியச் சோறு என்னோடுதான். இரவுச் சோறு நானே போட்டுக்கொண்டேன். அதையும் பொறுத்துக்கொண்டேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு மதியம் மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அண்ணே, நாங்க ரனோங்குக்குப் போறோம். அவரோட அண்ணன் அங்க படகுத்துறை வச்சிருக்காரு. மழை விட்டதும் கிளம்பணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளா? அங்கேயே இருக்கப் போறோம்ண்ணே."

"பட்டறை?"

"கழுவுறதுக்கு யாராச்சும் பொம்பள கிடைப்பா. நீ என்ன சின்னப் புள்ளயா?" என்று சிரித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போறதுக்கு முன்னாடி எங்க படகுக்கு ஒரு நல்ல எஞ்சின் நீயே பண்ணிக் குடு. வேற யாரு கை பட்டாலும் எனக்கு நம்பிக்கை இல்ல."

இந்த வார்த்தையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை இருக்கிற இடத்தை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒருத்தி சொல்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். எனக்கு அப்போது வயிறெரிந்தது உண்மை. ஆனால் கோபத்தில் எதுவும் செய்யவில்லை. கோபத்தில் செய்கிற வேலை சுத்தமாக இருக்காது.

மூன்று பேருமாகத்தான் பழைய எஞ்சின் விற்கும் களத்துக்குப் போனோம். கப்பலில் வந்து இறங்கிய எஞ்சின்கள் அங்கே மழையில் வரிசையாக நிற்கும். லம்யாய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். களத்துக்காரர்கள் ஒரு எஞ்சினுக்கு ஒரு எண் கொடுத்து, சாமான் மாறிவிடாமல் இருக்க அதன் ஒவ்வொரு பாகத்திலும் மஞ்சள் சாயத்தால் அந்த எண்ணை எழுதிவிடுவார்கள். இதன் எண் நாற்பத்தேழு. பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்தோம். அவளே எல்லாவற்றையும் கழுவினாள். மண்ணெண்ணெயில் அந்த மஞ்சள் சாயம் போகாது.

எஞ்சினின் பின்பக்கம் ஒரு கனமான இரும்புச் சக்கரம் உண்டு, ஃப்ளைவீல் என்போம். முக்கால் முழ அகலம், ஒரு ஆட்டுக்குட்டியின் எடை. எஞ்சின் சுற்றும்போது அதுவும் அதே வேகத்தில் சுற்றும். காரில் அதை ஒரு தடித்த உலோக மூடி மறைத்திருக்கும். படகுக்கு மாற்றும்போது அந்த மூடியும் மிஞ்சுகிற சாமான்தான். பெரும்பாலானவர்கள் கழற்றி எறிந்துவிட்டுச் சக்கரத்தைத் திறந்தபடி ஓட விடுவார்கள். நான் அப்படி விடுவதில்லை. மூடியை வளையமாக அறுத்துச் சக்கரத்தைச் சுற்றி மாட்டிக் கொடுப்பேன். என் பட்டறைப் படகு என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த எஞ்சினுக்கு அந்த வளையத்தை மாட்டவில்லை.

லம்யாய் கவனித்துவிட்டாள். "வளையம் போடலியாண்ணே?"

"ரனோங் கடல் அலை. பின்பக்கம் கனம் கூடக் கூடாது."

"ஓகோ" என்றாள். அலையைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்குத்தான் போகிறேன் என்று நின்றாளே.

சக்கரமும் நாற்பத்தேழாம் எண்ணின் சக்கரம் அல்ல. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு வேனின் எஞ்சினிலிருந்து கழற்றிய சக்கரம் பின்கட்டில் கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன் லம்யாயே தட்டிப் பார்த்துச் செத்துப்போச்சு என்று ஒதுக்கியது. அளவு ஒன்றுதான். அவள் வீட்டுக்குப் போன பிறகு மாலையில் அதைத் துருநீக்கி, விரிசல் தெரியாமல் தேய்த்து, கறுப்புச் சாயம் பூசி மாட்டினேன். நல்ல வேலை. அடுத்த நாள் அவள் பார்த்தபோது எஞ்சின் பூட்டியாகிவிட்டது. பூட்டிய எஞ்சினில் சக்கரத்தைத் தட்டிப் பார்க்க யாரும் நினைப்பதில்லை.

இப்போது நீங்கள் இரண்டாவது முறையாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நல்ல சக்கரத்தைக் கால்வாயில் போட்டுத் தொலைக்காமல் ஏன் வைத்துக்கொண்டேன். சொல்வது எளிது. ஒரு நாள் முழுக்க அதைப் பற்றி யோசித்தேன். கால்வாயை வருடத்துக்கு ஒருமுறை தூர்வாருகிறார்கள். காயலான் கடைக்காரன் எண்ணைப் பார்த்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். வேறு படகுக்குப் போடலாம், ஆனால் அந்தப் படகுக்காரனுக்கு நான் ஏன் உபகாரம் செய்ய வேண்டும். இதெல்லாம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், எறிய மனம் வரவில்லை. தொங்கவிட்டுத் தட்டினேன். அப்படியொரு நாதம், நின்று அடங்க வெகுநேரமானது. அவள் தேர்ந்தெடுத்தது என்றால் சும்மாவா.

மேற்குக்கரை விகாரையில் பிக்குகளைச் சாப்பாட்டுக்கு அழைக்க ஒரு பழைய லாரிச் சக்கர விளிம்பை மணியாகத் தொங்கவிட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அது பிளந்துவிட்டதாகப் பெரிய பிக்கு போன மாதமே என்னிடம் சொல்லியிருந்தார். என்னிடம் இருந்த நல்ல சக்கரத்துக்கு முன்பக்கம் சிவப்புச் சாயம் பூசிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் விகாரைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே கொடுத்தவர் பெயர் எழுதாத பொருள் கிடையாது. பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் கதவு, எல்லாவற்றிலும் யாராவது ஒரு குடும்பத்தின் புண்ணியம் எழுதியிருக்கும். அதற்கென்றே ஒரு கிழவர் சாய டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

"யாரு பேருக்குப்பா?" என்று கேட்டார்.

"தங்கச்சி லம்யாய் பேருக்கு எழுதுங்க. உடம்பு நல்லா இருக்கணும், நீண்ட ஆயுசு வேணும்னு."

"ஏன், தங்கச்சிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இருந்தாலும் எழுதுங்க."

அழகாக எழுதினார். அடியில் வழக்கம்போலத் தேதியும் போட்டார். அக்டோபர் நான்காம் தேதி. எனக்கு மனசு நிறைந்திருந்தது. நான் எதையும் மறைக்க நினைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். என் தங்கைக்கு வரப்போகும் கஷ்டத்தில் உயிர் தப்ப வேண்டும் என்று நான் புண்ணியம் சேர்த்து வைத்தேன். எத்தனை அண்ணன்கள் அதைச் செய்வார்கள்.

ஆறாம் தேதி மாலை எஞ்சினை அவர்கள் படகில் ஏற்றிக் கொடுத்தேன். ஏழாம் தேதி புத்த விரத நாள். காலையில் ப்ரயூனுக்குப் போன் செய்தேன். ஒரு எஞ்சினைச் சங்கிலியில் தூக்க வேண்டும், ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் வந்துவிட்டுப் போ மாப்பிள்ளை என்றேன். அவன் படகை அவளுக்கு விட்டுவிட்டு உடனே பாலம் வழியாக ஓடி வந்தான். அப்படி ஒரு மரியாதை என் மேல். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ரனோங்கில் மீன் எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டினான். சங்கிலியை விட்டுவிட்டுக் காட்டினான். இப்படிப்பட்டவனை நம்பித்தான் அவள் கிளம்பினாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பாலத்துக்குப் பக்கத்திலிருந்து. ஒரே ஒரு வெடி, அப்புறம் எஞ்சின் தலைதெறிக்க ஓடும் ஓலம், அப்புறம் ஒன்றுமில்லை. ப்ரயூன் சங்கிலியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். நான் ஆணியில் மாட்டி வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன்.

பாலத்தடியில் கால்வாய் குறுகி வளைகிறது. கடல்நீர் வடியும் நேரத்தில் அங்கே தண்ணீர் எதிர்த்துத் தள்ளும், எஞ்சினை முழு வேகத்தில் முடுக்க வேண்டும். வளைப்பதற்கு ஓட்டுகிறவர் எஞ்சினுக்குப் பக்கவாட்டில் வந்து நின்று கைப்பிடியை இடுப்பால் தள்ள வேண்டும். அவளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். சக்கரம் மூன்று துண்டாகப் போயிருந்தது. ஒன்று படகைத் துளைத்துக்கொண்டு கால்வாய்க்குள், ஒன்று பாலத்துத் தூணில். படகின் மூக்கில் அவள் கட்டியிருந்த வண்ணத்துணிகள் மேல் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அவ்வளவு ரத்தமும் பின்பக்கம்தான். நான் தண்ணீரில் குதித்துப் படகில் ஏறித் தொடையில் குழாயைச் சுற்றி இறுக்கினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, கட்டுப் போட்டது யார், அவர் இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டாள் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

இடது கால், முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

ப்ரயூன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். "நீங்க போன் பண்ணலேன்னா நான்தான் மச்சான் அவளைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். நான்தான் ஓட்டியிருப்பேன். என் காலு போகவேண்டிய எடத்துல அவ காலு போச்சே."

"விதி மாப்பிள்ளை" என்றேன். அவன் என் காலில் விழுந்து கும்பிட்டான். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. பழைய இரும்பு, மூடாத சக்கரம், இந்தக் கரையில் வருடத்துக்கு ஒன்று நடப்பதுதான்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதைத் தலைகீழாக வாசிக்க எனக்குத் தெரியும். ப்ரயூனைக் கொல்லத் திட்டமிட்டு, தவறிப்போய்த் தங்கையைக் காயப்படுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவனைக் கொல்ல நினைத்திருந்தால் அன்று காலை அவனை எதற்குப் பட்டறைக்குக் கூப்பிடுகிறேன். விரத நாள் தவறாமல் லம்யாய் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு மேற்குக்கரை விகாரைக்குப் படகில் போவாள் என்பது கால்வாயில் உள்ள ஆமைக்குக்கூடத் தெரியும். அவன் இல்லாவிட்டால் அவளே ஓட்டுவாள், நான்தான் பழக்கியது. ப்ரயூன் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவன் செத்திருந்தால் அவள் விதவை. விதவையை இன்னொருவன் கட்டிக்கொள்ளலாம், இந்த ஊரில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. மறுபடி ஒருவன் பலாப்பழத்தோடு வருவான். எத்தனை பேருக்கு எஞ்சின் செய்து கொடுக்க முடியும்.

அவள் சாகவும் கூடாது. அதனால்தான் ரப்பர் குழாய். அதனால்தான் விகாரை மணி. ஒரு காலுக்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் என் வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏற சிமெண்டுச் சரிவு போட்டுவிட்டேன். ப்ரயூனின் ஏணி வீட்டில் அவளை எப்படி ஏற்றுவது. அவனே ஒப்புக்கொண்டான். பதினொரு மாதம் ஐயா. குளிப்பாட்ட பக்கத்து வீட்டுப் பெண் வருவாள், மற்றதெல்லாம் நான். காலையில் கஞ்சி, மதியம் வேகவைத்த கானாங்கெளுத்தியும் இடித்த மிளகாயும், முள் எடுத்துத்தான் கொடுப்பேன். பட்டறையில் அவள் பழைய இடத்திலேயே நாற்காலியை நிறுத்தி வாளியை மடிக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். இரவுச் சோறும் ஒன்றாக. ரனோங் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

ப்ரயூன் தினமும் சாயங்காலம் வருவான். அவள் தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவன் வரவில்லையா என்று அவள் கேட்டால், சவாரி அதிகம் போல என்பேன். ஒன்றிரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் படித்துறையில் உட்கார்ந்து இருட்டும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வளவு வெட்டிப்பொழுது அவனுக்கு.

செயற்கைக் கால் பொருத்துவதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை ஆள் வந்தார்கள். புண் இன்னும் ஆறவில்லை, அவளுக்கு மனசு இல்லை என்று சொல்லித் திருப்பினேன். அவள் தூங்கும்போது வந்தார்கள், எழுப்பவில்லை. அந்தக் காலை மாட்டிக்கொண்டு விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் யார் பார்ப்பது.

ஒன்றே ஒன்று கேட்டாள். விரத நாளில் விகாரையில் விட்டுவிட்டு மாலையில் வந்து கூட்டிப் போகச் சொன்னாள். புத்தர் பெயரைச் சொல்லிக் கேட்பதை எப்படி மறுப்பது. கொண்டுபோய்ச் சாப்பாட்டு மண்டபத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிவிடுவேன். போன மாதம் ஒரு நாள் இரவுச் சோற்றில் கேட்டாள்.

"அண்ணே, விகாரையில அந்த மணி யாரு குடுத்தது?"

நான் அதை அவளிடம் சொன்னதே இல்லை. நல்லது செய்துவிட்டுச் சொல்லிக்காட்டக் கூடாது. ஆனால் அவளாகக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"நான்தான். உனக்காகத்தான் குடுத்தேன். உன் பேரு போட்டிருக்கே, பாக்கலியா?"

"பாத்தேன். நல்ல சத்தம். எப்ப குடுத்த?"

"அதுலயே எழுதியிருக்கும் பாரு."

"ஆமா" என்றாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடுண்ணே."

போட்டேன். முழுவதும் சாப்பிட்டாள். முன்பக்கத்துக்கு மட்டும்தான் நான் சிவப்புப் பூசியிருந்தேன். பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்ததால் யார் கண்ணிலும் படாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மஞ்சள் நாற்பத்தேழு தெரியும் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நின்றுகொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. அவளை உட்கார வைத்தது நான்.

புகாரில் இருப்பது அவள் கையெழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன். சொல்லிக் கொடுத்து எழுத வைத்தது ப்ரயூன். அவளாக ஒரு நாளும் எழுதமாட்டாள். என்ன நடந்தது என்று தெரிந்த பிறகும் ஒரு மாதம் என் கையால் சாப்பிட்டாளே. வெறுப்பிருந்தால் சாப்பிட முடியுமா. அந்த மாதத்தில் அவள் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, நான் எதைக் கேட்டாலும் சரிண்ணே என்றாள். என் வாழ்க்கையிலேயே நல்ல மாதம் அது.

நீங்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நேற்று விரத நாளில் அவளே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தாள் என்கிறீர்கள். வாசலில் ஏழு படி இருக்கிறது, நேற்று மாலை நான் அவளை விகாரையிலிருந்து கூட்டி வருவதற்கு முன்பே நீங்கள் என்னைப் பிடித்து வந்தபோது எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். விரத நாள் ஒவ்வொன்றும் விகாரை மண்டபத்தில் ப்ரயூன் அவள் கையைப் பிடித்து நடை பழக்கினான், பெரிய பிக்குவே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக் கால் வரவழைத்துக் கொடுத்தார், ஏழு படியையும் யார் தோளையும் பிடிக்காமல் ஏறி வந்தாள், புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு அதே மாதிரி இறங்கி ரனோங் பஸ் ஏறிப் போய்விட்டாள் என்கிறீர்கள். உங்களிடம் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள் ஐயா. வந்தது வேறு யாரோ ஒருத்தி. என் தங்கை வீட்டில்தான் இருப்பாள், மணி ஒன்றாகப் போகிறது, சோற்றுக்குக் காத்திருப்பாள். நான் இல்லாமல் அவளால் ஒரு படி இறங்க முடியாது. அதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.